கோப்பையில் கட்டிய பச்சை நூல்

அன்பு மகனுக்கு,

நான் நலம், நீ நலமா என்று கடிதத்தைத் தொடங்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். உன் அம்மா அப்படித்தான் எழுதுவா. இந்த முறை அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். நான் நலம் என்று எழுதினால் அது சுத்தப் பொய். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால், சாப்பிட்டாயா, வவுனியாவில் மழையா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். இரண்டு கிழமையாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எழுவைதீவில் சிக்னல் சரியில்லை என்று உன்னிடம் சொன்னேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, சரியில்லாமல் இருந்தது நான்.

நீ வந்த அந்தச் சனிக்கிழமையில் இருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும், எனக்குள் அது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது. நான் குசினியில் ஓரா மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். நீ வாசல்படியில் இருந்துகொண்டு, வவுனியாவில் நீ வேலை செய்யும் கந்தோரில் இரத்ததானம் கொடுத்ததையும், பிறகு உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்ததையும், ஈரல் ஸ்கான் வரைக்கும் போய் வந்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னாய். ஹெபற்றைற்றிஸ் சி என்ற பெயரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். "ஈரலிலை ஒரு கிருமியாம் அப்பா. இப்பதான் தழும்பு துவங்கியிருக்காம். மூண்டு மாசம் குளிசை போட்டால் போயிடும் எண்டு டொக்டர் சொல்லுறார். கலியாணத்துக்கு முந்தித் துவங்கவோ, முடிய விட்டுத் துவங்கவோ எண்டுதான் யோசிக்கிறன்" என்றாய். அப்படிச் சொல்லிக்கொண்டே மீன் வெட்ட எனக்கு உதவியாகக் கையை நீட்டினாய். நான் கத்தியை இழுத்துக்கொண்டு, "விடு விடு, நான் வெட்டுறன்" என்றேன்.

பிறகு கேட்டேன், "ஜெனிற்றாவுக்குத் தெரியுமோ?" என்று. "இன்னும் சொல்லேல்லை" என்றாய். "அப்ப சொல்லாதை. கலியாணம் முடியட்டும். பேந்து ஆறுதலாத் துவங்கலாம்" என்றேன். யோசிக்க ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. ஜெனிற்றா உனக்கு எவ்வளவு பொருத்தமான பிள்ளை என்று எனக்குத் தெரியும். நீ இரண்டு வருஷம் ஒற்றைக் காலில் நின்று சம்மதிக்க வைத்த கலியாணம் என்றும் தெரியும். அந்த நேரம் எனக்குப் பட்டதெல்லாம் ஊர் வாய்தான். எங்கள் வள்ளத்தில் ஒருவர் ஒரு பொதியோடு ஏறினால், ஊர்காவற்றுறை இறங்குதுறை வருமுன் அதற்குள் என்ன இருக்கிறது என்று வள்ளம் முழுக்கத் தெரிந்துவிடும். புது மாப்பிள்ளையின் அலுமாரியில் மூன்று மாதத்துக் குளிசை இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? நீ எழும்பிப் போய்க் கால் கழுவினாய்.

அடுத்த நாள் விடிய நான் செய்ததை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறேன். வலைத்தொழில்காரனின் புத்தி எதையும் அடையாளம் வைத்துத்தான் பார்க்கும். எங்கள் வலை மிதப்பில் பச்சை நூல், அடுத்தவனின் மிதப்பில் சிவப்பு நூல், கடலில் எது ஆருடையது என்று சண்டை வராது. அம்மா வாங்கி வைத்த ஆறு சில்வர் கோப்பையும் ஒரே மாதிரி. அதில் ஒன்றை எடுத்து, கைபிடியில் பச்சை வலை நூலால் ஒரு முடிச்சுப் போட்டு, அதில் உனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். மற்ற ஐந்தும் தட்டில் இருக்க, இதற்கு யன்னல் விளிம்பில் ஒரு தனி இடமும் பார்த்து வைத்திருந்தேன். நீ கோப்பையை வாங்கினாய். முடிச்சைப் பார்த்தாய். உனக்குப் போடப் பழக்கியதே நான்தானே, அது என்ன முடிச்சு, எதற்குப் போடுவது என்று உனக்கு விளங்காமல் போகுமா? தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாய். கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவினாய். கொண்டுவந்து, நான் ஒதுக்கிய அந்த யன்னல் விளிம்பிலேயே வைத்தாய். "முதல் வள்ளத்திலை போறன் அப்பா" என்றாய். "பூசைக்கு நிக்கேல்லையோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றாய்.

நீ போன பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, மீன் கொடுக்க என் அப்பாவோடு வேலணைப் பக்கம் ஒரு தோட்டக்காரர் வீட்டுக்குப் போவேன். நல்ல மனிதர்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தண்ணி கேட்டால் தருவார்கள், ஆனால் வேலியில் செருகி வைத்த ஒரு தகரப் பேணியில். அது எங்களுக்கென்று இருந்த பேணி. அப்பா குடிப்பார், எனக்கும் தருவார், பிறகு அதைக் கழுவி அதே வேலியில் அதே இடத்தில் செருகுவார்.  என் வீட்டில் ஒருநாளும் ஒரு மனிதனுக்கும் பேணி பிரிக்க மாட்டேன் என்று அந்த வயதிலேயே நான் பிடிவாதம் பிடித்தவன். கடைசியில் பிரித்தது ஆருக்கு? பெற்ற பிள்ளைக்கு. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். மன்னித்துக்கொள் மோனை.

அதற்கடுத்த ஞாயிறு பூசையில் உங்கள் கலியாண அறிவித்தல், மூன்று ஓலையில் முதலாம் ஓலை, வாசித்தார்கள். உன் பெயரும் ஜெனிற்றாவின் பெயரும் கோயிலில் சேர்ந்து கேட்டபோது எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். பிறகு சுவாமி வழக்கமான வசனத்தை வாசித்தார்: இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். எத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு வாசித்துக் கேட்ட வசனம்! அன்றைக்குத்தான் அது காதில் ஏறியது. நோய் வருத்தம் ஒரு தடை இல்லை, அவ்வளவு மறைக்கல்வி எனக்கும் இருக்கிறது. ஆனால் ஜெனிற்றாவின் தாயும் தகப்பனும் ஊர்காவற்றுறைக் கோயிலில் இதே நேரம் இதே வசனத்தைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாக இருப்பார்களே என்று நினைத்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. பூசை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தேன்.

புதன்கிழமை தொழிலுக்குப் போகவில்லை. வள்ளத்தில் கேட்டவர்களுக்கு வேலணையில் ஒரு அலுவல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் வேலணையைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போனேன். கிளினிக்கில் நம்பர் எடுத்துக்கொண்டு மர வாங்கில் குந்தியிருந்தேன். டொக்டர் ஒரு சின்னப் பெண்பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். "என்ன செய்யுது ஐயா?" என்று கேட்டா. "எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியனுக்கு..." என்று தொடங்கினேன். உன் பெயரைச் சொல்லவில்லை, வவுனியா என்றும் சொல்லவில்லை. அவ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டா. கோப்பையைப் பற்றிக் கேட்டேன். "கோப்பையாலை வராது, சோத்துக் கோப்பையாலையும் வராது. கட்டிப்பிடிச்சால் வராது. இரத்தத்தாலைதான் வரும். சேவ் எடுக்கிற பிளேட்டையும் பல்லு மினுக்கிற பிரஷையும் வேறையா வைச்சால் காணும்" என்றா. "கலியாணம் கட்டலாமோ?" என்றேன். "தாராளமாக் கட்டலாம். புருசன் பெண்சாதிக்கு இடையிலை பரவுறது நல்லாக் குறைவு. அதுவும் குளிசை முடிச்சுச் சுகம் வந்திட்டால் அந்தப் பயமும் இல்லை" என்றா. அனேகமாக எல்லோருக்கும் சுகம் வருகிறதாம். முடித்து மூன்று மாதத்தால் ஒருமுறை இரத்தம் பார்த்து உறுதிப்படுத்துவார்களாம்.

பிந்தித் தொடங்கலாமா என்றும் கேட்டேன். உண்மையைச் சொன்னால், ஓம் என்று அவ சொன்னால் போதும், என் மனம் ஆறிவிடும் என்றுதான் கேட்டேன். அவ சொன்னா: "நீங்கள் சொல்லுற மாதிரி அந்தப் பெடியனுக்குத் தழும்பு இப்பதான் துவங்கினதெண்டால், ஒரு மாசம் பிந்தினால் ஒண்டும் முழுகாது. ஆனால் துவங்கினால் நடுவிலை விடக்கூடாது. கலியாண அமளியிலை குளிசை தவறும் எண்டு பயந்தால், பிந்துறதுக்கு அது ஒரு காரணம். ஆக்கள் பாப்பினம் எண்டது காரணமில்லை ஐயா. ஒரு மாசம் எண்டு துவங்கிப் பத்து வருசம் பிந்தின ஆக்களை நான் பாத்திருக்கிறன்." வீட்டில் உனக்கென்று ஒரு கட்டு கீழ்காய்நெல்லி காயப்போட்டு வைத்திருந்தேன். அதைக் கேட்டதற்கு, குளிசையோடு நாட்டு மருந்து எதையும் சேர்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னா. கடைசியாக, "அந்தப் பெடியன்ரை அப்பாவும் ஒருக்கா இரத்தம் சோதிக்கிறது நல்லது" என்றா. சொல்லும்போது சிரித்தா. நானும் சிரித்துவிட்டுக் கையை நீட்டினேன். வெள்ளிக்கிழமை போய் மறுமொழி எடுத்தேன். எனக்கு இல்லை.

ஊசி குத்துமுன் அவ கேட்ட இன்னொரு கேள்விதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. "பிறக்கேக்கை தாயிட்டையிருந்தும் பிள்ளைக்கு வரலாம். அந்தப் பெடியன்ரை அம்மாவுக்கு எப்பவாவது இரத்தம் ஏத்தினவையோ?" என்று கேட்டா. ஏற்றினார்கள். உனக்கு முந்தி ஒரு பிள்ளை தங்காமல் போனபோது, நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில், அம்மாவுக்கு இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். தந்தவர் ஆரென்று தெரியாது. இன்றைக்கும் அவருக்காக மன்றாடுகிறேன், அந்த இரத்தம் இல்லையென்றால் நீயும் இல்லை. "அப்ப தாய்க்கும் இந்த வருத்தம்தான் வந்ததோ?" என்று கேட்டேன். "இப்ப அதைச் சொல்ல ஏலாது ஐயா. இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். பெடியனுக்கு வேறை வழியாலையும் வந்திருக்கலாம். ஒருதரையும் குற்றம் சொல்லி இனி ஒண்டும் வரப்போறதில்லை" என்றா. குற்றம் சொல்ல ஒருவன் இருக்கிறான் என்று அவவுக்குத் தெரியாது.

அம்மாவுக்குத் திடீரென்று வருத்தம் கூடிவிட்டது என்று உனக்குச் சொல்லியிருந்தேன். அப்போது நீ ஒன்பதாம் வகுப்பு. நீயும் நம்பினாய். அது திடீரென்று இல்லை. கால் வீங்கி, கண் மஞ்சளாகி, ஊர்காவற்றுறையில் காட்டினபோதே உடனே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். அந்த வருஷம் கோயில் பெருநாளுக்குச் சனங்களுக்குச் சோறு கொடுக்கிற முறை எங்களுடையது. எத்தனையோ வருஷம் காத்திருந்து வந்த முறை. "பெருநாள் முடியட்டும்" என்றேன். அவவும், "ஓம், முடியட்டும், இவ்வளவு சனத்துக்கும் ஆர் சமைக்கிறது" என்றா. அவ அப்படிச் சொன்னது எனக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. அந்தத் துண்டைப் பதினொரு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மஞ்சள் கண்ணோடு அவ அத்தனை பேருக்கும் இலை போட்டா. பெருநாள் முடிந்த கையோடு கொண்டுபோனேன். அடுத்த மாதம் அவவை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தோம்.

பதினொரு நாள் முந்திப் போயிருந்தால் தப்பியிருப்பாவா என்று எனக்குத் தெரியாது. தப்பியிருக்க மாட்டா என்றும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் இதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன், பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். நேற்று இரண்டாம் ஓலை வாசிக்கக் கேட்டுக்கொண்டு இருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அம்மாவுக்குப் பெருநாள் முடியட்டும் என்றவன், உனக்குக் கலியாணம் முடியட்டும் என்றிருக்கிறேன். அதே வாய், அதே வார்த்தை. நடுவில் இத்தனை வருஷம் போயும் நான் ஒன்றும் படிக்கவில்லையா என்று கோயிலுக்குள்ளேயே அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மகனை நினைத்துச் சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து என் தோளைத் தடவினார்கள்.

ஆகவே என் வார்த்தையைத் திருப்பி எடுக்கிறேன். குளிசையைத் தொடங்கு. முடிவு உன்னுடையது, உடம்பு உன்னுடையது. உன் டொக்டர் ஏதாவது காரணம் சொல்லிப் பொறுக்கச் சொன்னால் பொறு. கலியாணம் நடக்கிற நாட்களில் தவறவிட்டுவிடுவேன் என்று நீயே பயந்தால் அதையும் அவரிடம் கேள். ஆனால் என் வார்த்தைக்காகப் பிந்தாதே, ஊருக்காகப் பிந்தாதே. தவறும் என்ற பயத்துக்கு நான் இருக்கிறேன். கலியாண வீட்டில் எனக்கு வேறு என்ன வேலை? பந்தல் போடுவதும் சமையலும் மற்றவர்கள் பார்ப்பார்கள். நான் உனக்குப் பின்னால் தண்ணிச் செம்போடு திரிகிறேன். உன் சிநேகிதர்கள் போத்தலோடு வந்து ஒரு சொட்டு, ஒரேயொரு சொட்டு என்று நிற்பார்கள். மாப்பிள்ளைக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது, தொட மாட்டான் என்று நான் சொல்லிவிடுகிறேன். பார், திரும்பவும் பொய்க்குத்தான் வாய் போகிறது. பொய் வேண்டாம். குடிக்கமாட்டான், போங்கோடா என்று சொல்கிறேன். அதற்குக் காரணம் கேட்கிற துணிவு அவர்களில் ஒருவனுக்கும் இல்லை.

ஜெனிற்றாவுக்கு நீதான் சொல்ல வேண்டும். நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை, விடவும் மாட்டேன். இது என் வாயால் போகவேண்டிய செய்தி இல்லை. மூன்றாம் ஓலைக்கு முந்திச் சொல்லிவிடு. அந்தப் பிள்ளை பயப்படலாம், கோபிக்கலாம், முகத்தைத் திருப்பலாம். நான் கோப்பைக்கு நூல் கட்டினவன், ஆகவே பயம் மனிதரை என்ன செய்ய வைக்கும் என்று எனக்குத் தெரியும். அவ உடனே நல்ல மாதிரிக் கதைக்காவிட்டால் நீ உடைந்துபோகாதே, ஒரு கிழமை கொடு. விருப்பமென்றால் அந்த டொக்டர் பிள்ளையிடம் மூன்று பேருமாகப் போவோம். அவ இல்லை என்றே சொல்லிவிட்டால் நான் உனக்காக அழுவேன், ஆனால் அவவைக் குறை சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டு வருகிற ஒருத்திதான் உனக்கு வேண்டும். எனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் அந்தத் துண்டு கிடந்த மாதிரி, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் ஒளிந்து கிடக்கக்கூடாது.

ஞாயிறுக்குள் சொல்ல ஏலாது, அவகாசம் வேண்டும் என்றால் எனக்கு ஒரு சொல் போனில் சொல். சுவாமியிடம் போய் மூன்றாம் ஓலையை ஒரு கிழமை தள்ளி வாசிக்கச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால், தகப்பனுக்கு ஒரு வேலை முடியவில்லை என்பேன். அது பொய்யும் இல்லை. சனம் கதைக்கும், கதைத்துவிட்டுப் போகட்டும். கலியாணம் பிந்துவதென்றால் பிந்தட்டும்.

இதை நாளைக்கு முதல் வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்த் தபாலில் போடுவேன். வியாழனுக்குள் கிடைத்துவிடும். கிடைத்ததும் போன் எடு, இந்த முறை சாப்பாட்டையும் மழையையும் பற்றிக் கேட்க மாட்டேன். சனிக்கிழமை ஏலுமென்றால் வா. ஓரா கிடைத்தால் வாங்கி வைக்கிறேன், நீ வெட்டு.

நேற்று பூசையால் வந்ததும் அந்தப் பச்சை நூலைக் கத்தியால் அறுத்தேன். இறுக்கிப் போட்ட முடிச்சு, லேசில் வரவில்லை. கோப்பையைக் கழுவி மற்ற ஐந்தோடும் தட்டில் வைத்தேன். இன்றைக்கு விடியத் தேத்தண்ணி ஊற்ற ஒன்றை எடுத்தேன். அது உன்னுடையதா, என்னுடையதா, அம்மா குடித்ததா என்று கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

அப்பா